புற்றுக்குள் ஒரு துண்டு நீலம்

ஒரு புற்றில் ராணி எறும்பு ஒருத்தி இருந்தாள். கல்யாணத்தன்று ஒரே ஒருமுறை வானத்தில் பறந்தவள், சிறகை உதிர்த்துவிட்டு ஒன்பது வருடமாக இருட்டில் முட்டையிட்டாள். இப்போது நடக்கவும் முடியவில்லை.

"கண்ணை மூடுவதற்குள் இன்னொரு தரம் அந்த வானத்து நீலத்தைப் பார்க்கணும்டி" என்று வேலைக்கார எறும்பு காத்தாயியிடம் சொன்னாள்.

காத்தாயி நான்கு நாள் அலைந்து, உதிர்ந்து கிடந்த நீலப் பட்டாம்பூச்சிச் சிறகு ஒன்றை இழுத்துவந்தாள். அதைப் பதினொரு துண்டாக நறுக்கி, எதையும் மென்றுதான் உள்ளே எடுத்துப்போகும் புற்றின் வழக்கப்படி, பத்தை மென்றாள். கிடைத்தது பழுப்புப் பொடி.

"நீலத்தை நீயே தின்னுட்டியா?" என்று சிரித்தாள் வாசல் காவல் செங்காளி.

மிஞ்சிய ஒரு துண்டைக் காத்தாயி மெல்லாமல் ராணியிடம் கொண்டுபோனாள்.

"இது கறுப்புடி. கறுப்பைத்தானே ஒன்பது வருஷமா பார்க்கிறேன்!"

காத்தாயி வெளியே எடுத்துவந்தாள், நீலமாக இருந்தது. உள்ளே கொண்டுபோனாள், கறுப்பானது. ஆறு தடவை நடந்தாள். மறுநாள் விடிந்ததும் துண்டை ராணியிடம் கொடுத்துவிட்டு, மேலே ஏறி ராணி அறையின் கூரையைத் தோண்டத் தொடங்கினாள்.

"பைத்தியமா உனக்கு? மழை வந்தா?" என்று பதறினாள் செங்காளி.

"வந்தா அடைச்சுக்கலாம். நீயும் ஒரு கை மண் அள்ளு."

உச்சிவேளையில் ஊசி கனத்துக்கு ஒரு வெயில் அறைக்குள் இறங்கியது. காத்தாயி ஓடிப்போய்த் துண்டை அதில் பிடித்தாள். துண்டு நீலமாக மின்னியது.

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடி" என்றாள் ராணி.