பின்னறையும் சேர்த்து

"முன்னாடி ரெண்டு அறையும் உன்கிட்டயே இருக்கட்டும்மா. பின்னறையை மட்டும் குடு. அதுவும் முடியாதா?"

"முடியாது சார்."

தையல்காரி மெஷினை நிறுத்தாமலே பதில் சொன்னாள். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். சீருடைத் துணி அவளைச் சுற்றி மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

கேட்டவர், வீட்டை விற்றவர். பக்கத்தில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றவர், வாங்கிய பல் டாக்டர். பத்திரம் பதிந்தாகிவிட்டது. பின்னறைக்குச் சந்துப் பக்கம் தனி வாசல் உண்டு. அதில் உடனே கிளினிக் திறந்துவிட வேண்டும் என்பது டாக்டரின் கணக்கு.

"ஒப்பந்தம் அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கு சார். வீடு கை மாறினா அதுவும் செத்துப் போயிடாது. இத்தனை நாள் உங்ககிட்ட குடுத்த வாடகையை இனிமே டாக்டர்கிட்ட குடுப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

"என்கிட்டயே சட்டம் பேசறியா?"

"வக்கீல்கிட்ட கேட்டுட்டுத்தான் பேசறேன்."

வீட்டை விற்றவர் குரலைக் கொஞ்சம் இறக்கினார். "அந்த அறையில அப்படி என்னதான் இருக்கு? ஒரு கட்டில், கொஞ்சம் பழைய சாமான். நானே எடுத்துட்டுப் போய் வேற இடத்துல போட்டுடறேன். உனக்கு ஒரு சிரமமும் இல்ல."

மெஷின் நின்றது.

"எதையும் எங்கயும் போட வேண்டாம். மூணு அறைக்கும் சேர்த்துத்தானே எங்கிட்ட வாடகை வாங்கினீங்க?"

அவ்வளவு நேரம் பேசியவர் இதைக் கேட்டதும் வாசல் பக்கம் நகர்ந்தார். டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. அவர் கவலை அவருக்கு.

வெளியே வந்ததும், வாசலில் காத்திருந்த வீட்டுத் தரகர் டாக்டரைத் தேற்றினார். "இது பசை சார். ஒட்டினா லேசுல வராது. காசு பிடுங்கத்தான் இந்த ஆட்டம்."

அன்று முதல் தரகர் போகிற இடமெல்லாம் அவளுக்குப் 'பசை' என்றே பெயர். துணி கொடுக்க வந்தவர்கள்கூட ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அடுத்து, வீட்டை விற்றவர் இரண்டு தடியர்களை அனுப்பிப் பார்த்தார். சந்துக் கதவைத் தட்டப் போனவர்களைத் தையல்காரி கத்தரிக்கோலும் கையுமாக ஓடிப்போய் மறித்தாள்.

"இது என் வாடகை வீடு. உள்ள கால் வச்சா போலீசுக்குப் போன் போடுவேன்."

தடியர்கள் கத்தரிக்கோலைப் பார்த்தார்கள். அவள் முகத்தைப் பார்த்தார்கள். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்கள்.

தங்கை போனில் கெஞ்சினாள். "ஏன்க்கா ஊர் வாய்ல விழற? ஒரு அறைதானே? குடுத்துத் தொலையேன்."

"தர மாட்டேன். நீ வேற பேச்சு இருந்தா பேசு."

கடைசியில் டாக்டர் தனியாக வந்தார். இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என் வக்கீலும் சட்டம் உங்க பக்கம்தான்னு சொல்லிட்டார்ம்மா. ஆனா மனசுன்னு ஒண்ணு வேண்டாமா? நோயாளியை உட்கார வைக்க வாங்கின நாற்காலி மாமனார் வீட்டு ஹால்ல கிடக்கு. அவர் அதுல சாஞ்சுக்கிட்டு டிவி பார்க்கறார். எழுந்திருங்கன்னு சொல்லக்கூட முடியல."

தையல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மேல் அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. பாவமாகத்தான் இருந்தது.

அப்போது பின்னறைக் கதவு திறந்தது. தடித்த கண்ணாடி போட்ட ஒரு வயதான பெண்மணி மடித்த சட்டைகளோடு வந்தார்.

"பட்டன் எல்லாம் வச்சாச்சும்மா. இந்த நீலச் சட்டைக்கு மட்டும் ஒண்ணு குறையுது." டாக்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "உட்காருங்க தம்பி. இதோ, டீ போட்டுக் கொண்டு வரேன்."

அவர் உள்ளே போனதும் டாக்டர் மெதுவாகக் கேட்டார். "உங்க அம்மாவா?"

"இல்ல. உங்களுக்கு வீட்டை வித்தாரே, அவரோட அக்கா. எனக்கு வாடகைக்கு விட்டப்பவே இவங்களைப் பின்னறையில விட்டுட்டுப் போயிட்டார்."

டாக்டருக்கு ஒன்றும் ஓடவில்லை. "அந்த அறையில பழைய சாமான்தான் இருக்குன்னு சொன்னாரே?"

"ஆமா. எடுத்துட்டுப் போய் வேற இடத்துல போட்டுடறேன்னும் சொன்னார். ஏதோ ஒரு முதியோர் இல்லத்துல பேசி வச்சிருக்கார். இவங்களுக்கு அது தெரியாது. தம்பின்னா இவங்களுக்கு உயிர். காதுல விழுந்தா உடைஞ்சு போயிடுவாங்க. அதனாலதான் யார் என்ன சொன்னாலும் நான் வாயைத் திறக்கலை."

"இவங்க அப்பா வீடுதானே இது? இவங்களுக்குப் பங்கு இல்லையா?"

"எப்பவோ எல்லாத்தையும் தம்பிக்கு எழுதிக் குடுத்துட்டாங்க டாக்டர். அவங்களுக்கும் எனக்கும் சேர்த்து ஒரு வீடு தேடிக்கிட்டிருக்கேன். கிடைக்கற வரைக்கும் அந்த அறை என்னுது."

உள்ளே அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது.

தையல்காரி அடுத்த சட்டையை எடுத்து ஊசிக்கடியில் வைத்தாள்.

"நான் வாடகைக்கு இருக்கறவ. என்னை நினைச்சபடி வெளிய தள்ளச் சட்டம் விடாது. அவங்க வெறும் அக்காதானே."