கசிமிரோ அனுப்பிய வெள்ளி

“அண்ணே, இன்னிக்கும் ஒண்ணு வந்திருக்கு. எம்புள்ள என்னை மறக்கல.”

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்த இலாரியோ நிமிர்ந்தான். உச்சி வெயிலில் பக்கத்து வீட்டு பெட்ரோனா நின்றிருந்தாள். விரித்த கையில் ஒரு வெள்ளிக்காசு. அதில் வில்லும் அம்பும், கீழே ‘தெற்கு’ என்ற எழுத்தும். ஸ்பெயின் ராஜாவை எதிர்த்து மெக்சிகோவின் தென்மலைகளில் போரிடும் கலகக்காரர்கள் அடித்த காசு.

மண்வெட்டி அவன் கையிலிருந்து நழுவியது.

“எங்க கிடந்துச்சு?”

“எப்பவும்போல ஜன்னல்லதான். ஞாயித்துப் பூசை முடிஞ்சு வந்து பாத்தேன், இருந்துச்சு.”

“கையை மூடு. ராஜா பட்டாளம் பாத்தா சுட்டுருவானுங்க. இந்தக் காசு வச்சிருந்த ரெண்டு பேரை போன வாரம்தான் வஹாகா டவுனுல சுவரோட நிக்க வச்சானுங்க.”

“சுடட்டுமே. கசிமிரோ மலைக்குப் போனதுலேர்ந்து ஒரு வாய் ரொட்டி இறங்கல எனக்கு. முதல் காசைப் பாத்த அன்னிக்குத்தான் அடுப்பே மூட்டினேன்.” அவள் குரல் தணிந்தது. “ஆனா இதுல ஒரே மண்ணு அண்ணே. தொட்டுப் பாரு.”

தொட்டான். அந்த வெயிலிலும் காசு கிணற்றடிக் கல்லைப்போல் குளிர்ந்தது.

“யாரையாவது பாத்தியா?”

“இல்ல. ஆனா இந்தத் தடவை உள்ளயே வந்திருக்கான். தரையெல்லாம் சேத்துக் காலடி. அவன் படுக்கை கலைஞ்சு கிடக்கு. இனிமே கதவைத் தாழ் போட மாட்டேன்.”

“தாழ் போடு தங்கச்சி.”

“என்ன அண்ணே, நாக்கு குழறுது? ஆயிரம் பொணத்தைப் புதைச்சவன், பட்டாளத்துக்கு இவ்வளவு பயப்படுறியே.”

அவள் சிரித்துக்கொண்டே போனாள். வாழ்க்கையில் முதல்முறையாக இலாரியோவுக்கு அந்தத் தோட்டத்தில் தனியாக நிற்கப் பயமாக இருந்தது.

குண்டடிபட்டு வண்டியில் பிணமாக வந்த கசிமிரோவை, அவளிடம் சொல்லாமல், இதே தோட்டத்தில் தன் கையால் புதைத்ததும், அவன் இடுப்புத் துணியில் முடிந்திருந்த ஏழு காசுகளை, தாய் பட்டினியில் சாகக்கூடாதென்று, ஞாயிறுக்கு ஒன்றாக அந்த ஜன்னலில் வைத்ததும் இலாரியோதான். ஏழாவது காசு போன ஞாயிறோடு தீர்ந்துபோயிருந்தது.