மறுத்தவருக்கான பதக்கம்

“ரெண்டே வரி, கண்ணு. ‘எனக்கு விருப்பமில்லை’ன்னு டைப் பண்ணி அனுப்பிடு.”

“அப்பா, இது நான் ஆசைப்பட்டதுப்பா.”

“ஒஸ்லோவெல்லாம் நமக்கு எதுக்கு? நான் சொல்லச் சொல்ல நீ அடி. போதும்.”

கோயம்புத்தூரில் எட்டு வருடங்களுக்கு முன் நடந்த அந்தப் பேச்சு, ஒஸ்லோ துறைமுகத்தில் டிராமை விட்டு இறங்கும்போதும் கோதையின் காதில் ஒலித்தது. அப்பா சொன்னார், அவள் தட்டினாள், மெயில் போய்விட்டது. போன வாரம் விமானம் ஏற்றிவிட வந்தபோது, “அன்னிக்கு உன்னை அப்படிப் பண்ண வெச்சிருக்கக் கூடாது” என்று அப்பாவே சொன்னார்.

வேதியியல் மாநாடு நேற்றோடு முடிந்துவிட்டது. மாலை ஆறு மணிக்கு விமானம். வேண்டாம் என்று தன் கையாலேயே எழுதியதை மறுபடி கேட்கலாமா, கேட்டால் கிடைக்குமா, தெரியவில்லை. ஆனால் கேட்காமல் ஊர் திரும்பக் கூடாது.

துறைமுகத்தருகே இருந்த நோபல் அமைதிப் பரிசு அருங்காட்சியகத்தில், மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழிலும் சுற்றிக் காட்டுவார்கள். கோதை குழுவின் கடைசியில் நின்றுகொண்டாள். ஒஸ்லோவின் புறநகர் ஹொல்ம்லியாவில் வளர்ந்த ஈழத்தமிழன், வழிகாட்டி நிலன், ஆட்களை எண்ணினான். கோதையிடம் வந்ததும் எண்ணிக்கை தவறி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.

“தம்பிக்குக் கணக்கு ஓடாது போல,” என்று சிரித்தார் நகரின் ட்வெய்ட்டா பகுதியிலிருந்து வந்திருந்த சிறிதேவி அன்ரி.

நிலன் ஒரு புகைப்படத்தின் முன் நின்றான். எண் தைத்த உடையில் மெலிந்த மனிதர் ஒருவர். எதிரே சீருடையில் ஓர் அதிகாரி.

“இவர் கார்ல் வான் ஒசியெட்ஸ்கி. ஜெர்மன் பத்திரிகையாளர். ஜெர்மனி களவாய் ஆயுதம் சேர்க்குது எண்டதை வெளியில கொண்டுவந்தவர். நாஜிகள் முகாமிலை போட்டு வதைச்சாங்கள், காசநோயும் பிடிச்சிட்டுது. 1936இல அவருக்கு அமைதிப் பரிசு எண்டு இஞ்சையிருந்து அறிவிச்சினம். ‘வேண்டாம் எண்டு சொல்லும்’ எண்டு அங்கை நெருக்கினாங்கள்.”

“சொன்னவரோ?”

“இல்லை அன்ரி. ஏற்றுக்கொள்ளுறன் எண்டு எழுதினவர். இஞ்சை வர விடேல்லை. ரெண்டு வருஷத்தில காவலிலேயே செத்துப்போனார்.”

சிறிதேவி அன்ரி தன்னையறியாமல் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கோதை படத்தருகே நகர்ந்தாள். நோயில் உருக்குலைந்த மனிதர், ஓர் அரசாங்கத்தையே எதிர்த்து எழுதியிருக்கிறார். அவள் விரல்களோ அப்பாவின் குரலுக்கே பணிந்துவிட்டன.

“எல்லாராலயும் அப்படி முடியாதுங்க,” என்றாள். எல்லோரும் திரும்பினார்கள்.

“அதுக்கப்புறம் ஜெர்மன்காரங்க யாரும் நோபல் வாங்கக் கூடாதுன்னு ஹிட்லர் உத்தரவு போட்டுட்டார். 1939ல டோமாக்னு ஒரு டாக்டருக்கு அறிவிச்சாங்க. எத்தனையோ உயிரைக் காப்பாத்தின மருந்தைக் கண்டுபிடிச்சவர். அவரைப் பிடிச்சு உள்ள வெச்சாங்க. அப்புறம் தயாரா எழுதி வெச்ச கடிதத்துல கையெழுத்து வாங்கிட்டாங்க, வேண்டாம்னு. கையெழுத்துதான் அவரோடது. வார்த்தை அவரோடது இல்லீங்க.”

நிலன் அவளையே பார்த்தான்.

“வார்த்தை வேற ஆக்களின்ரை எண்டது இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாது,” என்றான் மெதுவாக.

“அப்ப அந்தப் பதக்கத்தை வேற ஆருக்கும் குடுத்திட்டினமோ?” என்று அன்ரி கவலையோடு கேட்டார்.

“இல்லை அன்ரி. வேற ஆருக்கும் குடுக்கேல்லை. 1947இல அவரே போய் வாங்கினவர். காசுக்குத்தான் தவணை முடிஞ்சு போச்சு.”

“எட்டு வருஷமோ!” அன்ரி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “எட்டு வருஷமாக் காத்துக்கொண்டு கிடந்ததோ!”

“ஓம்,” என்றான் நிலன்.

குழு அடுத்த அறைக்கு நகர்ந்தது. கோதை நகரவில்லை. அவனும் நகரவில்லை.

“நிலன்,” என்றாள். “கோயம்புத்தூர்ல படிப்பு முடிஞ்சு நீங்க ஊருக்குக் கிளம்பினப்ப, ஏர்போர்ட் வாசல்ல, ‘என்னைக் கட்டுறீரோ’ன்னு கேட்டீங்களே... அதை இன்னொரு தடவை கேளுங்க.”