கல்லுக்குள் நண்டு

"நண்டு சார் வந்தாச்சு," என்று கடைக்காரர் உள்ளே குரல் கொடுத்தார். "கல்லை மாத்திக் குடுத்துடுவோம்னு பயம்போல. புதன்கிழமையானா வந்து நிக்கறார்!"

அவள் கையிலிருந்த அதிரும் ஊசியை அணைத்துவிட்டு, மூக்கில் படிந்த வெள்ளைத் தூளைத் துடைத்துக்கொண்டாள். கல்லாகிப்போன பழங்கால உயிர்களைச் சுற்றியுள்ள பாறையைச் சுரண்டி, சேகரிப்பவர்களுக்குச் சுத்தமாக எடுத்துக் கொடுப்பதுதான் அவள் வேலை.

வந்தவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான்கு மாதம் முன்பு, துண்டில் சுற்றிய சுண்ணாம்புக்கல் ஒன்றைக் கைக்குழந்தைபோல் ஏந்தி வந்திருந்தார். கல்லின் ஓரத்தில் ஒரு கொடுக்கு மட்டும் தெரிந்தது. "ஆத்து நண்டும்மா. என் வீட்டுக்காரி கண்டுபிடிச்சது," என்றார் பெருமையாக.

இன்றும் அதே கேள்வி. "இன்னும் எவ்வளவு பாக்கிம்மா?"

"மூணு கால் இருக்கு சார்."

"மூணு இருக்கா!" அவர் முகம் தெளிந்தது. "மெதுவாவே பண்ணு. அவசரமே இல்ல."

அவர் படியிறங்கியதும் கடைக்காரர் சிரித்தார். "அவசரமில்லேன்னு சொல்றவங்கதான் உயிரை வாங்குவாங்க. சீக்கிரம் முடிச்சு அனுப்பு, புண்ணியமாப் போகும்."

அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது. இந்த வயதில் இரண்டு பஸ் மாறி வருகிறார். கையிலிருந்த மற்ற வேலைகளைத் தள்ளிவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை லீவையும் விட்டுவிட்டு, லென்ஸுக்கடியில் மயிரிழை மயிரிழையாகச் சுரண்டினாள்.

கடைசிக் கால் நுனிகூட நொறுங்காமல் வெளியே வந்தது. ஓடு, எட்டுக் கால், இரண்டு கொடுக்கு, எதிலும் ஒரு கீறலில்லை. "இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல," என்று கடைக்காரரே அசந்துபோனார்.

அடுத்த புதன்கிழமை நண்டு சார் வந்ததும், கேட்கக்கூட விடாமல் துணியை விலக்கிக் காட்டினாள். "முடிச்சுட்டேன் சார்!"

அவர் நண்டைப் பார்த்தபடியே நின்றார். பிறகு பக்கத்திலிருந்த ஸ்டூலைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"எங்கயாவது தப்பாயிடுச்சா சார்?"

"இல்லம்மா. அழகா இருக்கு. அப்படியே எந்திரிச்சு நடந்துடும்போல இருக்கு." அதன் கால்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். "ஏம்மா, ஒரு காலையாவது திரும்ப மூடிவைக்க முடியுமா?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்கு சார்? வீட்ல அம்மா பார்த்தா சந்தோஷப்படுவாங்கல்ல?"

அவர் துண்டை எடுத்து நண்டின்மேல் போர்த்தினார். அதன்மேல் கையை வைத்துக்கொண்டே சொன்னார்:

"அவளை டாக்டருங்க கைவிட்டுட்டாங்கம்மா. இதைப் பார்க்காம போகமாட்டேன்னு எனக்கு வாக்குக் குடுத்திருக்கா."