உடையாத தட்டு

“லாஸ்ட்!”

ஒலிபெருக்கியில் வந்த குரல் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் சுவரில் மோதித் திரும்பியது. வானத்தில் பறந்த ஆரஞ்சு நிறக் களிமண் தட்டு, ஒரு கீறல்கூட விழாமல், ஜம்மென்று போய்க் கருவேலங்காட்டுக்குள் இறங்கியது.

பெரியவர் அரியமுத்து துப்பாக்கியைத் தாழ்த்தினார். இந்தச் சுற்றில் அவர் ஒரு தட்டைக்கூட உடைக்கவில்லை. ஆனால் தப்பவிட்ட வருத்தம் முகத்தில் மருந்துக்கும் இல்லை.

கலைச்செல்வனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அரியலூரை ஒட்டிய பழைய சுரங்கத்தில் நடக்கும் அந்தத் துப்பாக்கி கிளப்புக்கு அவன்தான் செயலாளர். சிமெண்ட் ஆலையில் வேலை, குடும்பம் சேலத்தில். ஞாயிற்றுக்கிழமையானால் மெஸ் சாப்பாடும் அறைச் சுவரும்தான் துணை என்று ஆன பிறகு இங்கே வந்து ஒட்டிக்கொண்டவன். தனி ஆளின் வலி தனி ஆளுக்குத்தானே தெரியும்! தனியாகவே பஸ்ஸில் வந்துபோகும் பெரியவர்மேல் அவனுக்கு ஒரு பரிவு இருந்தது.

ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். முறை வந்தவர் குரல் கொடுத்ததும் பள்ளத்திலுள்ள எந்திரம் ஒரு தட்டை வீசும், சுட வேண்டியதுதான். உடைந்துவிட்டால் ஸ்கோர் சொல்பவர் வாயே திறக்கமாட்டார். தப்பினால் மட்டும் மைக்கில் ‘லாஸ்ட்’ என்பார்.

மைக் மலர்கொடியின் பொறுப்பு. பெரம்பலூரில் குடித்தனம், ஞாயிறுதோறும் ஸ்கூட்டியில் வந்துவிடுவாள். அவள் தொண்டை வறண்டதென்றால் அதற்கு முழுக் காரணமும் பெரியவர்தான் என்று கிளப்பில் கேலி பேசுவார்கள்.

“ஐயா, கொஞ்சம் வாங்க” என்று பெரியவரை வேப்பமர நிழலுக்கு அழைத்துப் போனான் கலைச்செல்வன். “சொல்லவே சங்கடமா இருக்கு. அடுத்த சுத்துல பாதித் தட்டாவது உடைக்கணும்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க. இல்லன்னா உங்க இடம் ஜெயங்கொண்டத்து டாக்டர் ஒருத்தருக்குப் போயிடும்.”

பெரியவரின் முகம் சுண்டிப்போயிற்று. “அப்புடிச் சொல்லாதீங்க தம்பி. வாரத்துல எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு நாளுதான்.”

“வீட்ல யாரும் இல்லீங்களா?”

“சம்சாரம் போய்ச் சேந்துட்டா. ஒரே பொண்ணு, அதுவும் கட்டிக்கிட்டுப் போயிருச்சு, பேச்சுவார்த்தையும் இல்ல. கீழப்பழுவூர்ல வூட்டுக்குள்ள நானும் டிவியும்தான். அது பேசுனா நான் கேக்குறேன். நான் பேசுனா அது எங்க கேக்குது?” சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

“கண்ணுல புரை கிரை இருக்கான்னு ஒரு தடவ பாத்துடலாமே?”

“கண்ணுக்கென்ன கேடு? காட்டுப்பன்னிய வெரட்ட லைசென்ஸ் வாங்குன துப்பாக்கி தம்பி இது. இருட்டுலயும் பாப்பேன்.”

அதுதான் கலைச்செல்வனுக்கும் புரியவில்லை. மலர்கொடி லீவில் போன ஒரு ஞாயிறு அவனே மைக்கில் உட்கார்ந்தான். வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்தது. பெரியவர் அன்று தட்டுகளைத் தூள் தூளாக்கிவிட்டு, என்னவோ இழவு வீட்டிலிருந்து போகிறவர் மாதிரி பஸ் ஏறினார். வெயிலில் கண் கூசித்தான் மனிதர் தப்பவிடுகிறார் என்று கமிட்டி அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

தன் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டான் கலைச்செல்வன். பிறகு மலர்கொடியிடம் போனான்.

“இந்தச் சுத்துல பாதிக்குக் குறைஞ்சா பெரியவர் அவ்வளவுதான். நீங்களாச்சும் ஒரு வார்த்தை தைரியம் சொல்லுங்களேன். எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசுறீங்க, அவர்கிட்ட மட்டும் ஏன் உம்முன்னு இருக்கீங்க?”

“ஆடுறவங்ககிட்ட நான் பேசக்கூடாது சார். ரூல்ஸ்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சரியான அழுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டான்.

சுற்று தொடங்கியது. மற்ற நால்வரும் இரண்டு காதையும் இறுக்கி அடைத்துக்கொண்டார்கள். பெரியவர் வழக்கம்போல் ஒரு காதுப் பஞ்சை உருவிப் பையில் போட்டார். “காது போயிடும்யா” என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்கிற ஆளில்லை.

“லாஸ்ட்!”

அடுத்த முறையும் “லாஸ்ட்!” தொப்பியும் உதவவில்லை, கண்ணாடியும் உதவவில்லை. ஒவ்வொரு ‘லாஸ்ட்’டுக்கும், யாரோ நலம் விசாரித்ததுபோல், பெரியவர் லேசாகத் தலையசைத்தார். கலைச்செல்வனுக்குப் பொறுக்கவில்லை. அட மனுஷா, ஒன்றையாவது உடையேன்!

சுற்றில் பாதி முடிந்தது. இனிமேல் ஒரே ஒரு தட்டு தப்பினாலும் அவர் இடம் போய்விடும்.

அவர் முறை வந்தது. துப்பாக்கியைத் தோளில் வைத்தார். குரல் கொடுக்கவில்லை. மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். துப்பாக்கியை இறக்கினார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். மறுபடி தூக்கினார். அப்போதும் வாய் திறக்கவில்லை, அப்படியே நின்றார்.

ஒலிபெருக்கி கரகரத்தது. சுடவே இல்லையே, அதற்குள் என்ன லாஸ்ட் என்று கலைச்செல்வன் மைக் மேடையைத் திரும்பிப் பார்த்தான். மலர்கொடி எழுந்து நின்றிருந்தாள், கன்னமெல்லாம் ஈரம்.

“போதும்ப்பா... மிச்சத்த உடைங்க, முடிஞ்சதும் நானே வந்து பேசுறேன்.”