கொட்டகைக்கு வந்த புது ஆள்

"யாருப்பா அது, சைக்கிள் எல்லாத்தையும் சாய்ச்சது?"

வெளியே வரிசையாக நிறுத்தியிருந்த ஏழு சைக்கிள்களும் தடதடவென்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த சத்தத்தில், கொட்டகைக்குள் இருந்தவர்கள் திடுக்கிட்டு எழுந்துவிட்டார்கள். மதார் சாகிப் வாசலுக்கு வந்தார். மூக்குக் கண்ணாடியும் சலவைச் சட்டையுமாக ஒருவர், பக்கத்தில் அவர் மனைவி. இருவர் முகமும் வெளுத்திருந்தது.

"பரவால்ல, வாங்க சார். மொத நாளு வர்றவங்க எதனா ஒண்ண தள்ளிவுடறதுதான். மெட்ராஸ்ல இதே மாதிரி கூட்டத்துக்கு நான் மொதல்ல போன அன்னிக்கு அவங்க தண்ணிப் பானைய ஒடச்சிட்டேன்."

மதார் சாகிப் மாமல்லபுரத்தில் மீன் வலையும் கயிறும் விற்பவர். குடியை விட்டு ஐந்து வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சிற்பிகளுக்கு விடுமுறை என்பதால், அவர்களுடைய கொட்டகையில் மூன்று மணிக்குக் குடியை விட நினைப்பவர்களின் கூட்டத்தை நடத்திவந்தார். மதுவிலக்கு திரும்ப வந்து ஒரு வருஷம் முடிந்தும் கூட்டத்துக்கு வருகிறவர்கள் குறையவில்லை.

வந்தவர் பெயர் ராஜகோபாலன். செங்கல்பட்டில் குமாஸ்தா. டாக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்த விலாசத்தை வைத்துக்கொண்டு, தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் பஸ் ஏறி வந்திருந்தார்கள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மதார் சாகிப், அம்மா அந்தப் பக்கம் போகட்டும் என்று கை காட்டிவிட்டார். மூன்று வருஷ வழக்கம் அது. ஆண்கள் வட்டமாகப் போட்ட ஸ்டூல்களில் உட்காருவார்கள். அவர்களுடைய மனைவிமார் ஓலைத் தட்டிக்குப் பின்னால் மதார் சாகிப்பின் மனைவி பதருன்னிசாவோடு தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

ராஜகோபாலன் மனைவியைப் பார்த்தார். வத்சலா தலையைக் குனிந்துகொண்டு தட்டிக்குப் பின்னால் போனாள். அவர் காலியாக இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

கூட்டத்துக்கு இரண்டே விதிகள். அவரவர் கதையை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். கேட்டது கொட்டகையைத் தாண்டக் கூடாது. தபால்காரர் உப்பிலி முதலில் தன் கதையைச் சொன்னார். கடைகளை மூடிய புதிதில் வார்னிஷைக் குடித்துவிட்டு மூன்று நாள் கண் தெரியாமல் கிடந்த கதை. பிறகு எல்லாரும் புது ஆளைப் பார்த்தார்கள்.

ராஜகோபாலன் கீழே கிடந்த கல்தூளைப் பார்த்தபடி பேசினார். இரண்டு வருஷத்துக்கு முன், உடம்பு தேற வேண்டும் என்று அரை அவுன்ஸ் அரிஷ்டத்தில் ஆரம்பித்ததாம். அப்புறம் பிராந்தி. கடைகளை மூடிய பிறகு மருந்துக் கடைப் பின்வாசல். உளுந்து டின்னுக்குள் பாட்டில். போன வெள்ளிக்கிழமை குழந்தை வெந்நீர்ப் பாத்திரத்தைத் தன்மேல் இழுத்துவிட்டுக்கொண்டபோது, பார்த்துக்கொள்ள வேண்டியவர் அடுப்பங்கரையிலேயே நினைவில்லாமல் கிடந்ததாகச் சொல்லி நிறுத்தினார்.

"அது நான்தான்" என்றார் பிறகு.

லாரி ஓட்டும் பன்னீர்செல்வத்துக்குப் பொறுக்கவில்லை.

"கொழந்த கத்துனதுகூடவா உன் காதுல வுழல?"

மதார் சாகிப் கையமர்த்தினார். ராஜகோபாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அக்கா கொழந்தைய மதுராந்தகத்துக்குத் தூக்கிண்டு போயிட்டா. குடி நின்னாத்தான் திருப்பித் தருவாளாம்."

தட்டிக்குப் பின்னால் ஒரு தம்ளர் விழுந்து உருண்டது.

"சரி தம்பி" என்றார் மதார் சாகிப். "நாளைக்கு, அடுத்த வாரம், அதெல்லாம் வாணாம். இன்னிக்கு ராத்திரி படுக்கற வரைக்கும் தொட மாட்டேன்னு உங்க வாயால ஒரு தபா சொல்லுங்க. அது போதும்."

ராஜகோபாலன் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். மதார் சாகிப் இரண்டாம் முறையும் கேட்டார்.

"அத மட்டும் என்னால சொல்ல முடியல, சார்."

எல்லாருக்கும் அதிர்ச்சி. வார்னிஷ் குடித்த உப்பிலிகூட முதல் நாள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தார். வெந்துபோன குழந்தையைக் கண்ணால் பார்த்த ஒரு தகப்பனுக்கு ஒரே ஒரு ராத்திரி முடியாதா? மதார் சாகிப் தன் கூட்டத்தில் இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை. பன்னீர்செல்வம் எழுந்தே விட்டார். இந்த ஆளை அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்றார்.

அப்போது ஓலைத் தட்டி விலகியது. ஆம்பளைங்க பேசுற இடத்துக்குப் போகக் கூடாது என்று பதருன்னிசா புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தும் கேளாமல், வத்சலா வட்டத்தின் நடுவில் வந்து நின்றாள். யாரையும் பார்க்கவில்லை, கணவனைத் தவிர.

"எழுந்திருங்கோன்னா. காபிக்கு மேல ஒண்ணத்தையும் தொட்டறியாத மனுஷன், எனக்காக எப்படிச் சத்தியம் பண்ண முடியும்? நான் உக்கார வேண்டிய எடம் அது."