இடப்பக்கத்துச் சத்தம்

“வண்டி இன்னைக்கு ஷெட்ட விட்டு வெளிய போயிரணும், சொல்லிப்புட்டேன்” என்றான் மெக்கானிக் பரீது, கையைத் துணியில் துடைத்தபடி. “ஏழு மாசமாச்சு அண்ணாச்சி. எங்க வாப்பா வீடு கட்டுனதே ஆறு மாசத்துலதான்.”

அச்சன்புதூரிலிருந்து பைக்கில் வந்ததில் லிங்கேஸ்வரனின் சட்டையை முழுக்கச் சாரல் நனைத்திருந்தது. ஷெட்டின் நடுவில் நின்ற ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டு வருடத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில், அவனும் இசக்கிசெல்வியும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய பழைய ஜீப். ஊர் ஊராகச் சுற்றத்தான் வாங்கினார்கள். ஓர் ஊருக்கும் போகவில்லை. நெல் மூட்டையும் உர மூட்டையும் ஏற்றியே துருப்பிடித்துப் போனது. இப்போது கரும்பச்சைப் பெயிண்ட். கூரை மேல் மடித்து வைத்த கூடாரம். பின்கதவைத் திறந்து இழுத்தால் அடுப்பு வெளியே வரும். அதற்குக் கீழே தண்ணீர்த் தொட்டி.

ஆலங்குளம் பஸ்ஸில் வந்து இறங்கிய இசக்கிசெல்வி, தான் தைத்துக் கொடுத்த ஜன்னல் திரையை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு முன்சீட்டில் ஏறினாள்.

“ஐந்தருவி வரைக்கும் ஓட்டிப் பாப்போம்” என்றான் பரீது. “சரியா இருந்தா ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போங்க. ஆர்.சி. புக்குல ரெண்டு பேரு பேருல்லா இருக்கு.”

லிங்கேஸ்வரன் ஓட்டினான். மேலகரம் தாண்டியதும் சாரல் கனத்தது. எதிரே இருந்த மலையை மேகம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது.

“இப்படியே விட்டா எங்க போயி நிக்கும்?” என்று மெதுவாகக் கேட்டாள் இசக்கிசெல்வி.

“செங்கோட்டை. பொறவு புளியரை. கணவாய் ஏறி எறங்குனா தென்மலை.”

“அங்கன காப்பி நல்லா இருக்குமா?”

“காப்பி நம்ம அடுப்புலதான். ஆத்தோரமா நிப்பாட்டிட்டுப் போடுவோம்.”

“எனக்குச் சீனி...”

“அர ஸ்பூன். தெரியும்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “பொறவு?”

“வாகமண். புல்லு மேட்டுல கூடாரத்த விரிச்சுட்டா, விடியக்காலம் மேகம் உள்ளயே வந்துரும்.”

“போர்வைய நனைச்சிரும்லா?”

“நனைக்கட்டும்.”

வைப்பர் இங்கும் அங்கும் போய்வந்தது. சற்று நேரம் அந்த ஜீப் குற்றாலம் ரோட்டில் இல்லை. ஏதோ ஒரு புல்வெளியில், வெள்ளைக்கு நடுவில், சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

“எனக்கும் ஒரு காப்பி” என்றான் பின்னாலிருந்து பரீது. “நானும் வண்டிக்குள்ளதான் இருக்கேன்.”

இசக்கிசெல்வி சிரித்துவிட்டாள்.

ஐந்தருவி ஏற்றம் வந்தது. லிங்கேஸ்வரன் காதைத் தீட்டிக்கொண்டு ஏறினான். முக்கல் இல்லை, முனகல் இல்லை. ஜீப் வழுக்கிக்கொண்டு மேலே போனது. வண்டி இன்று ஷெட்டை விட்டுப் போய்விடுமா என்பது ஒன்றே அவன் நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. மேலே மரத்தடியில் நிறுத்தினான். என்ஜினை அணைக்கவில்லை.

“எப்படி? வெண்ண மாதிரி வந்துச்சா, இல்லையா?” என்றான் பரீது.

“ஒரு சத்தம் கேக்குது” என்றாள் இசக்கிசெல்வி.

“அருவிதான்க்கா அது! ஐந்தருவிக்கு வந்துட்டுச் சத்தம் கேக்குதுன்னா நான் என்ன செய்ய?”

“அருவி இல்ல. இடப்பக்கம். கிர்ர்ருன்னு.”

“போன மாசம் வலப்பக்கம்னு சொன்னிய. பேரிங்க மாத்துனேன். அதுக்கு முன்ன ஹாரன் அழுத மாதிரி இருக்குன்னு சொன்னிய. அதையும் மாத்துனேன். அதுக்கும் முன்ன பெயிண்ட். மொதல்ல அடிச்ச பச்ச, கிளிப்பச்சையா இருக்காம்!”

“கேக்குதுன்னா கேக்குது.”

பரீது தலையில் கை வைத்துக்கொண்டான். “அண்ணாச்சி, அக்காவுக்கு டூர் போக இஷ்டமே இல்ல. அத நேராச் சொல்லச் சொல்லுங்க. ஏன் என் உசுர எடுக்காவ?”

இசக்கிசெல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“சரி, ஓட்டுனது நீங்க. நீங்க சொல்லுங்க” என்று பரீது சட்டைப் பையிலிருந்து டெலிவரிக் காகிதத்தையும் பேனாவையும் எடுத்து நீட்டினான். “சத்தம் இருக்கா, இல்லையா? இல்லன்னா இங்கனயே கையெழுத்துப் போடுங்க. நான் பஸ்ல போயிக்கிடுதேன்.”

லிங்கேஸ்வரன் உற்றுக் கேட்டான். ஒரு சத்தமும் இல்லை. ஒரு குறையும் இல்லை. இசக்கிசெல்வி திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். பேனா அவன் கையில் இருந்தது.

“இருக்கு பரீது” என்றான். “இடப்பக்கம்தான். கழட்டிப் பாத்துரு.”

“நீங்களுமா!” பரீது பேனாவைப் பிடுங்கிக்கொண்டான். “அப்ப இன்னும் ஒரு மாசம் ஆகும். இந்தச் சாரலுக்கு நீங்க வாகமண் பாத்த மாதிரிதான்” என்று முணுமுணுத்தபடி இறங்கிப் போய், நனைந்துகொண்டே முன்சக்கரத்தைத் தட்டிப் பார்த்தான்.

அந்த நேரம் இசக்கிசெல்வியின் போன் அடித்தது. லிங்கேஸ்வரனிடமிருந்து கண்ணை எடுக்காமலே காதில் வைத்தாள்.

“இல்ல வக்கீல் மேடம், வண்டி இன்னும் ரெடியாகல. அத நல்ல வெலைக்கு வித்துக் காசப் பிரிச்ச பொறவுதான விவாகரத்துக்கு நாங்க கையெழுத்துப் போடணும்? திங்கக்கிழமை கோர்ட்டுல இன்னொரு வாய்தா வாங்கிருங்க.”